முட்டையின் கணக்கு: தாய்க்கோழியின் தீனியும் சேர்மானமும்

இந்த ஆண்டும் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தார்கள். "ஐயா, போன தடவை மாதிரி கல்வெட்டு வேண்டாம். உங்க தொழிலைப் பத்தி எழுதுங்க" என்றார் செயலாளர். என் தொழில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்தூரில் வாங்கித் தெற்கே அனுப்புகிறேன். பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத்தான் போகிறது. வந்தவாசிப் பக்கம் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறியதே இல்லை. முட்டை தின்னாதவனுக்கு முட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் சிரிக்கலாம். தீனி விற்கிறவனுக்கு அதைத் தின்னும் உயிரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? அப்படித் தேடிப் படித்ததையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சுண்ணாம்புக் கணக்கு

கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது ஆண்டுக்கு ஒரு சில முட்டைகள் இட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்துவிட்டு நிறுத்திவிடும். இன்றைய பண்ணை முட்டைக்கோழியோ ஆண்டுக்கு 300க்கு மேல் இடுகிறது. இந்த வேகம் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததால் வந்தது. தீனி அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

வியாபாரி பாஷையில் ஒரு கணக்குப் போடுவோம். முட்டை ஓட்டில் 100க்கு 94 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. ஒரு ஓட்டில் உள்ள கால்சியம் மட்டும் சுமார் 2 கிராம். 300 முட்டைக்கு 600 கிராம். கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருக்கும் கால்சியமோ சுமார் 20 கிராம்தான். ஆக, ஒரு வருஷத்தில் தன் எலும்புக்கூட்டைப் போல முப்பது மடங்கு சுண்ணாம்பை அது வெளியே கொடுத்துவிடுகிறது. முதல் இருபது ரூபாய், பட்டுவாடா அறுநூறு ரூபாய். தினமும் வரவு இல்லாமல் இந்தக் கடை நடக்குமா?

தின்னும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். அதனால் நாளொன்றுக்கு 4 கிராம் வேண்டும். கோழி தின்பது சுமார் 110 கிராம் தீனி. மக்காச்சோளத்தில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம், சோயாவிலும் சொற்பம். ஆகவே நாளைக்குப் பத்து கிராம் போல சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ தீனியில் சேர வேண்டும். வாய்க்குள் போவதில் பதினொன்றில் ஒரு பங்கு கல் என்றால் நம்புவீர்களா?

கல்லை மாவாக அரைத்துப் போட்டால் மட்டும் போதாது. முட்டை உருவாக ஒரு நாள் பிடிக்கிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டும் வேலை. பெரும்பாலும் அது இரவில், கோழி தின்னாத நேரத்தில் நடக்கிறது. மாவு சீக்கிரம் கரைந்து போய்விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் உள்ள பொடிக்கல் அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பற்றாக்குறைக்குக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். நாள்கணக்கில் அப்படி எடுத்தால் கூண்டிலேயே கால் ஊன்ற முடியாமல் சாய்ந்துவிடும். கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும்; வெயில் படாத கொட்டகையில் அதையும் தீனியில்தான் தர வேண்டும்.

முட்டை வேறு, குஞ்சு வேறு

இதுவரை சொன்னது தின்னும் முட்டையின் சங்கதி. குஞ்சுக்காக முட்டை இடும் தாய்க்கோழியின் கதை இன்னும் நுட்பமானது. 21 நாள் அந்த மூடிய ஓட்டுக்குள் கரு வளர வேண்டும். வெளியிலிருந்து காற்று மட்டும்தான் உள்ளே போகும். மற்றதெல்லாம் தாய் கட்டிக்கொடுத்த சோறுதான். வழிப்பயணத்துக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவது போல.

தாய்த் தீனியில் ரைபோஃபிளேவின் (பி2) குறைந்தால் தாய் நன்றாகத்தான் இருக்கும். முட்டை எண்ணிக்கையிலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் கரு பாதியில் செத்துப்போகும். தப்பிப் பொரிந்த குஞ்சுக்குக் கால்விரல் சுருண்டு நடக்க முடியாமல் போகலாம். மாங்கனீசு குறைந்தால் ஓடு மெலியும். கருவின் கால் எலும்பு குட்டையாகி, அலகு கிளி மூக்கு போல வளையும். வைட்டமின் ஈ, செலினியம், பயோட்டின், துத்தநாகம் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வேலை உண்டு. பி12 தாவரத் தீனியில் அறவே கிடையாது. ஊரில் மேய்ந்த கோழிக்குப் புழு பூச்சியும் குப்பைமேடும் கீரையும் வெயிலும் இதையெல்லாம் கொடுத்தன. கொட்டகைக்குள் அடைத்தபின் நாம்தான் கொடுக்க வேண்டும். பண்ணைக்காரர்கள் 'பிரீமிக்ஸ்' என்று சொல்லும் பொடி இந்தக் குப்பைமேட்டுக்கு மாற்றுதான்.

வைட்டமின் என்ற ஒன்று இருப்பதையே மனிதனுக்குக் காட்டியதில் கோழிக்குப் பெரும் பங்கு உண்டு. 1890களில் ஜாவாத் தீவின் பட்டாவியாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்தார். தீட்டாத அரிசி தின்ற கோழிகள் எழுந்து நடந்தன. பெரிபெரி நோயின் மர்மம் அங்கே அவிழத் தொடங்கியது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு. பின்னர் கொழுப்பில்லாத தீனி தின்ற குஞ்சுகளுக்கு இரத்தம் கசிவதைப் பார்த்து வைட்டமின் கே-யைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஹென்ரிக் டாமுக்கு 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நான் செய்த பிழை

1994 மழைக்காலம். என் கிடங்கில் ஒரு மூலை ஒழுகியது. அங்கே கிடந்த மக்காச்சோளத்தை மேலோட்டமாகக் காயவைத்து, நல்ல சரக்கோடு கலந்து லாரி ஏற்றிவிட்டேன். விலை ஏறியிருந்த நேரம். நஷ்டப்பட மனம் வரவில்லை. அது ஒரு தாய்க்கோழிப் பண்ணைக்குப் போயிற்று. சில வாரம் கழித்துப் பண்ணைக்காரர் டிரங்க் கால் போட்டார். "நயினாருங்க, முட்டை அவ்வளவா கொறையலீங்க. குஞ்சுதான் பொரிய மாட்டேங்குது" என்றார். நான் வியாபாரி புத்தியில், "நம்ம சரக்கு காஞ்ச சரக்குங்க, பிரீமிக்ஸைப் பாருங்க" என்றேன். அவரும் நம்பி, வைட்டமின் இரட்டிப்பாகப் போட்டார். பயனில்லை. சோதனைக்கு அனுப்பிய மாதிரியில் அஃப்ளடாக்சின் இருந்தது. என் சோளத்தில் வந்த பூஞ்சாண நஞ்சு.

1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சாகக் காரணமான கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் இந்த நஞ்சை உலகம் தெரிந்துகொண்டது. அது ஈரலைத் தாக்கும். முட்டையின் கருவுக்குப் போகும் சத்தெல்லாம் ஈரலில் தயாராகி வருவது. ஈரல் கெட்டபின் எத்தனை வைட்டமின் கொட்டினாலும் என்ன பயன்? சாதாரணச் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. களிமண் வகைப் பொடி கலந்து ஓரளவு கட்டலாமே தவிர, அடியோடு போக்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். ஓட்டுக்குள் செத்த குஞ்சுகளுக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அன்று முதல் ஈரம் பார்க்கும் கருவி இல்லாமல் நான் சோளம் ஏற்றுவதில்லை. 13 சதவீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் லாரியில் ஏறாது.

சேர்மானத்துக்கும் எல்லை உண்டு

சேர்மானம் குறையை நிரப்பும். கோழியின் பிறவி எல்லையைத் தாண்ட வைக்காது. முட்டையிடத் தொடங்காத விடலைக்கோழிக்கு முட்டைக்கோழியின் அளவில் சுண்ணாம்பு கொடுத்தால் சிறுநீரகம் கெடும். செலினியம் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. சீக்கிரம் வளர்வதற்காக ஆன்டிபயாடிக் கலந்த வழக்கமும் மனிதருக்கே வினையாயிற்று. கடைசி மருந்தாக மனிதருக்கு வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் பயன்படுத்துவதை 2019இல் இந்திய அரசு தடை செய்தது.

அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அதிக பாரம் ஏற்றுதல், தீனியும் நீரும் தராமல் நிறுத்துதல். கிழக் கோழிகளை நாள்கணக்கில் பட்டினி போட்டு, இறகு உதிரச் செய்து, மறுபடி முட்டை வாங்கும் முறை இதில் கடைசிக் குற்றம். 2011இல் விலங்குகள் நல வாரியமும் அதைக் கைவிடச் சொன்னது. தவிடு போன்ற சத்துக் குறைந்த தீனி கொடுத்தும் அதே பயனைப் பெற முடியும். கறிக்கோழியின் தாய்க்கோ பசி அதிகமாகவே பிறவியில் வைக்கப்பட்டிருக்கிறது. வயிறார விட்டால் கொழுத்து முட்டை குறைந்து சாகும். அளந்து போட்டால் பசியோடே வாழும். அதிக பாரமா, தீனி மறுப்பா? இரண்டும்தான். இதில் என் சோளமும் கலந்திருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. என் சரக்காவது அந்த உயிருக்குத் தீங்கு செய்யாமல் இருக்கட்டும் என்பதே என்னால் முடிந்த நோன்பு.

வீட்டுக்கு ஒரு குறிப்பு

முட்டை வாங்கும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. மஞ்சள் கரு அழுத்தமான நிறமாக இருப்பது மஞ்சள் சோளம், சாமந்தி போன்றவற்றின் நிறப்பொருளால். அதை வைத்துச் சத்தை அளக்க முடியாது. ஓட்டின் நிறம், கோழி என்ன இனம் என்பதைத்தான் சொல்லும். சித்திரை வெயிலில் ஓடு மெலிந்து வந்தால் கடைக்காரரோடு சண்டை வேண்டாம். வெப்பத்தில் கோழி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. ஓடு கட்ட அது தேவை. தீனியும் குறைவாகத் தின்னும். மொட்டை மாடியில் நாலு கோழி வளர்ப்பவர்கள் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் பொடிக்கல்லை வைத்துவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது கோழிக்கே தெரியும். மாலையில் பாருங்கள், அதுவே தேடி வந்து கொத்தும்.