சவுண்ட் கார்டு வாங்குமுன் அறையைக் கேளுங்கள்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அக்கா மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். லேப்டாப்பில் மைக்கைச் செருகி ஒரு கீர்த்தனை பதிவு செய்தாள். போட்டுக் கேட்டால் பாட்டுக்கு அடியில் விடாமல் ஒரு முனகல். அதற்கு மேல் தூறல் விழுவது போல ஓர் இரைச்சல். "மாமா, நல்ல சவுண்ட் கார்டு வாங்கலாமா?" என்றாள்.

முனகலை முதலில் தேடினோம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அது ஒலிக்கருவிக்குள் கசிந்தால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸிலும் கேட்கும். அவள் பாடுவது 5 கட்டை. அந்த ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். பக்கத்திலேயே 200இல் ஒரு முனகல் நின்றால், சுருதி சேராத தம்புராவைப் பின்னால் வைத்துக்கொண்டு பாடுவது மாதிரிதான். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டினோம். முனகல் போயிற்று. செலவே இல்லை.

தூறல் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் லேப்டாப்புக்குள் இருந்தது. மேடையில் பயன்படும் சாதாரண மைக் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அதை நூற்றுக்கணக்கான மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். மதர்போர்டில் அந்த வேலையைச் செய்யும் சின்ன சிப், பிராசசருக்கும் மின்சுற்றுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டைப் பெருக்கும்போது அக்கம்பக்கத்து மின்சலசலப்பையும் சேர்த்தே பெருக்குகிறது. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். லேப்டாப்பின் மைக் துளை அதைத் தராது. ஆகவே பெட்டிக்கு வெளியே, யுஎஸ்பியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

எதை வாங்குவது? ரிச்சி தெருவில் கேட்டால் அட்டைப்பெட்டி மேலிருக்கும் எண்களைத்தான் காட்டுவார்கள்: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை விற்றபோது அது வெறும் 8 பிட். ஒலியின் ஏற்ற இறக்கத்தை 256 படிகளில் அளந்தது. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். ஒரு பிட் கூடினால், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 6 டெசிபல் இடம் கூடும். எனவே 16 பிட்டுக்கு 96 டெசிபல்.

இப்போது எங்கள் அறைக்கு வாருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பஸ்ஸும் லாரியும் மெட்ரோ வேலையும் அதற்குக் கட்டுப்பட்டதாக நான் கண்டதில்லை. கதவு ஜன்னலை அடைத்து, இரவில் 35 டெசிபல் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சாண் தூரத்தில் பாடும் குரல் 90ஐத் தொடலாம். இடைவெளி 55. பழைய சிடியின் 16 பிட்டே அதற்குத் தாராளம். 24 பிட்டின் உண்மையான பயன் வேறு: அளவைத் தாழ்த்தி வைத்துப் பதியலாம், அவள் திடீரென்று தாரஸ்தாயிக்குப் போனாலும் ஒலி உடையாது. இன்று ஏறக்குறைய எல்லா இன்டர்ஃபேஸிலும் அது இருக்கிறது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதைச் சொல்லும் 192 கிலோஹெர்ட்ஸோ, அதில் பாதியான 96,000 ஹெர்ட்ஸ் வரை பதிய வல்லது. நம் காது 20,000த்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கேட்பவை வௌவால்கள்.

நான் பார்த்து வாங்கச் சொல்வது, மைக் தரும் மின்னழுத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்பை. பெருக்கத்தைக் கூட்டும் கெய்ன் குமிழை முக்கால்வாசி திருப்பி, மைக் முன் யாரும் பேசாமல் ஹெட்போனில் கேளுங்கள். சீறல் கேட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அடுத்தது தாமதம். பாடகி தன் குரலை ஹெட்போனில் கேட்கும்போது அது கணினிக்குள் போய்த் திரும்பி வருகிறது. டிரைவர் சரியில்லாவிட்டால் 30 மில்லிநொடி ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் மிருதங்கக்காரர் 30 அடிக்கு அப்பால் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். தாளம் எப்படி நிற்கும்? குரலைக் கணினிக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் திருப்பிவிடும் 'டைரக்ட் மானிட்டர்' வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். இரண்டு உள்ளீடு, 48 வோல்ட், அவ்வளவுதான். மிச்சமான காசில் மைக்குக்கு ஸ்டாண்டும் இரண்டு கனத்த கம்பளியும் வந்தன.

இப்போது இரவு பத்தரைக்கு மேல் பதிவு. அவளுக்குப் பின்னால் கொடியில் கம்பளி தொங்கும், ஃபேன் நின்றிருக்கும். ஒரு கீர்த்தனை முடிவதற்குள் வியர்த்துக் கொட்டுகிறது. ஐந்து நிமிடம் ஃபேனைப் போட்டுக்கொண்டு, மறுபடி நிறுத்திவிட்டு அடுத்ததைப் பாடுகிறாள்.