நுண்ணலை அடுப்பின் பாதுகாப்பான பயன்பாடு

நுண்ணலை அடுப்பு அல்லது மைக்ரோவேவ் அவன் என்பது நுண்ணலைகள் எனப்படும் மின்காந்த அலைகளைக் கொண்டு உணவைச் சூடாக்கும் ஒரு வீட்டு மின்கருவி ஆகும். தமிழ்நாட்டு வீடுகளில் இது பெரும்பாலும் சமைத்த உணவை மீண்டும் சூடாக்கவே பயன்படுகிறது. இக்கருவியைப் பொறுத்தவரை பலரும் அஞ்சுவது இதன் கதிர்வீச்சையே ஆகும். ஆனால் வீட்டில் நேரும் தீங்குகள் பெரும்பாலும் கொதிநீர், நீராவி, பொருந்தாத பாத்திரம், மின்சாரம், கெட்டுப்போன உணவு ஆகியவற்றாலேயே ஏற்படுகின்றன.

வரலாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் கருவிகளுக்காக மேம்படுத்தப்பட்ட மேக்னெட்ரான் என்னும் வெற்றிடக் குழாயே நுண்ணலை அடுப்பின் அடிப்படை ஆகும். அமெரிக்காவின் ரேத்தியான் நிறுவனத்தில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர் என்பவர் 1945இல் நுண்ணலைகள் உணவைச் சூடாக்குவதைக் கவனித்தார். 1947இல் வணிக நோக்கிலான முதல் அடுப்பு வெளிவந்தது. அது ஓர் ஆளின் உயரமும் 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் கொண்டதாக இருந்தது. வீட்டு மேடையில் வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் நுண்ணலை அடுப்பும் சேர்க்கப்பட்டது. இதன்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு பெற்ற அடுப்புகளையே விற்க வேண்டும்.

செயற்படும் முறை

மேக்னெட்ரான் உண்டாக்கும் அலைகளின் அதிர்வெண் பொதுவாக 2450 மெகாஹெர்ட்சு ஆகும். அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இவ்வலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஒரு நொடியில் பலகோடி முறை திசைமாறி அசையச் செய்கின்றன. அவ்வசைவு வெப்பமாக மாறுகிறது.

நுண்ணலை அடுப்பில் உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்னும் கருத்து சரியன்று. அலைகள் உணவினுள் சில சென்டிமீட்டர் ஆழம் வரையே செல்கின்றன. அதற்கும் உள்ளே உள்ள பகுதி, வெளிப்பகுதியிலிருந்து பரவும் வெப்பத்தால் மட்டுமே சூடாகிறது. மேலும், அறைக்குள் அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமைவதில்லை. ஆகவே ஒரே கிண்ணத்தில் ஓரிடம் கொதித்தும் மற்றோரிடம் குளிர்ந்தும் இருக்கலாம். இதனைக் குறைக்கவே சுழலும் தட்டு பொருத்தப்படுகிறது.

கதிர்வீச்சு பற்றிய அச்சம்

நுண்ணலைகள் அயனியாக்காத கதிர்வீச்சு வகையைச் சேர்ந்தவை. இவை எக்சு கதிர்களைப் போல அணுக்களை அயனியாக்குவதில்லை. உணவைக் கதிரியக்கம் உடையதாக மாற்றுவதும் இல்லை. விளக்கை அணைத்தவுடன் ஒளி மறைவது போல, அடுப்பை நிறுத்தியவுடன் அலைகளும் நின்றுவிடுகின்றன.

கதவின் கண்ணாடியில் சிறு துளைகள் கொண்ட உலோக வலை பதிக்கப்பட்டுள்ளது. துளைகள் அலைநீளத்தை விட மிகச் சிறியவை என்பதால் நுண்ணலைகள் அவற்றின் வழியே வெளியேற இயலாது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் அத்துளைகளை விடவும் மிகக் குறைவு. எனவே உள்ளே இருப்பதைப் பார்க்க முடிகிறது. அனைத்துலகத் தரங்களின்படி, அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் கசிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டை மீறக் கூடாது. கதவு வளைந்தோ, கீல் தளர்ந்தோ, கண்ணாடி உடைந்தோ இருந்தால் சீர்செய்யும் வரை அடுப்பைப் பயன்படுத்தலாகாது.

பாத்திரங்கள்

தமிழ்நாட்டுச் சமையலறையில் மிகுதியாக உள்ளவை எவர்சில்வர், பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள். இவை எதுவும் நுண்ணலை முறைக்கு ஏற்றவை அல்ல. உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்புவதால் உணவு சரியாகச் சூடாவதில்லை. கரண்டியின் முனை, மெல்லிய அலுமினியத் தாள், தங்க நிறக் கோடிட்ட பீங்கான் தட்டு போன்றவற்றில் தீப்பொறி தோன்றலாம்.

வெப்பம் தாங்கும் கண்ணாடியும் உலோகப் பூச்சற்ற பீங்கானும் பொருத்தமானவை. நெகிழிப் பாத்திரங்களில், நுண்ணலை அடுப்புக்கு ஏற்றவை எனக் குறிக்கப்பட்டவற்றையே பயன்படுத்த வேண்டும். மெலமைன் தட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

பல அடுப்புகளில் நுண்ணலை முறையுடன் வெப்பக்காற்று முறையும் உண்டு. வெப்பக்காற்று முறையில் உலோகத் தட்டுகளை வைக்கலாம், ஆனால் நெகிழி உருகிவிடும். எனவே பாத்திரத்தை வைக்கும் முன் எந்த முறை தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பது இன்றியமையாதது.

சூடாக்கும்போது நேரும் விபத்துகள்

* மீவெப்பமாதல்: வழவழப்பான கோப்பையில் நீரை மட்டும் நெடுநேரம் சூடாக்கினால், அது குமிழியின்றிக் கொதிநிலையைக் கடந்துவிடலாம். கோப்பையை அசைக்கும்போதோ காப்பித் தூளை இடும்போதோ நீர் திடீரெனப் பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும். தேவைக்கு மேல் சூடாக்காமல் இருப்பதும், முன்கூட்டியே மரக் குச்சி ஒன்றை நீரில் இடுவதும், நிறுத்திய பின் அரை நிமிடம் காத்திருப்பதும் இதனைத் தடுக்கும்.
* முட்டை: ஓட்டுடன் கூடிய முட்டையும், ஓடு நீக்கிய முழு அவித்த முட்டையும் வெடிக்கக் கூடியவை. வெளியே எடுத்து வெட்டும்போதோ கடிக்கும்போதோ கூட வெடிப்பதுண்டு. தோலுடன் வைக்கும் உருளைக்கிழங்கை முதலில் முள்கரண்டியால் குத்த வேண்டும்.
* குழந்தைகளின் பால்: புட்டி தொடுவதற்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே பால் வாயைச் சுடும் அளவு கொதித்திருக்கலாம். எனவே புட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதே நல்லது.
* மூடிய பாத்திரம்: இறுக மூடினால் நீராவியின் அழுத்தத்தால் மூடி தெறிக்கும். மூடியைத் தளர்த்தி வைத்து, திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும்.
* தீ: உள்ளே உணவோ காகிதமோ தீப்பற்றினால் கதவைத் திறக்கலாகாது. திறந்தால் காற்று புகுந்து தீ வளரும். சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்திவிட்டுத் தீ அணையும் வரை காத்திருக்க வேண்டும்.

மின் பாதுகாப்பு

நுண்ணலை அடுப்பை நில இணைப்புள்ள 16 ஆம்பியர் மூன்று துளைச் செருகியில் நேரடியாக இணைக்க வேண்டும். உள்ளே எதுவும் வைக்காமல் இயக்கினால் மேக்னெட்ரான் பழுதடையக் கூடும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு எனினும், அடுப்பினுள் அது சில ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. உள்ளே உள்ள மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் உயிரைப் பறிக்கத்தக்க மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். ஆகவே பயிற்சியற்றவர்கள் அடுப்பின் வெளிக்கூட்டைக் கழற்றுதல் கூடவே கூடாது.

மீண்டும் சூடாக்கல்: திருவண்ணாமலை எடுத்துக்காட்டு

கெட்ட உணவை நுண்ணலை அடுப்பு நல்லதாக்கிவிடும் என்னும் நம்பிக்கை தவறானது. கோயில் நகரமான திருவண்ணாமலையில் காணும் வழக்கம் ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். பௌர்ணமி இரவுகளில் பக்தர்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை நடந்து சுற்றுகின்றனர். கோயிலிலும் வழியிலும் பிரசாதமாகவும் அன்னதானமாகவும் சோற்று உணவுகள் வழங்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதியை வீட்டில் உள்ளவர்களுக்காக எடுத்துச் செல்வது பலரின் வழக்கம்.

வெண்பொங்கலை ஒருவர் மாலையில் பெற்று, நடந்து முடித்து, மறுநாள் காலையில் வீட்டில் சூடாக்குவதாகக் கொள்வோம். சோற்றில் பேசிலசு செரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். இவை சமைக்கும் வெப்பத்தையும் தாங்குபவை. சோறு வெப்பமான இடத்தில் பல மணி நேரம் இருந்தால் இவை பெருகி நஞ்சை வெளியிடுகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆவி பறக்கும் பொங்கலும் நோயைத் தரலாம் என்பதற்கு இதுவே காரணம். புளியோதரையிலுள்ள புளிப்பு பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. எனவே பிரசாதத்தை அன்றே உண்பதும், எஞ்சியதை விரைவில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் நல்லது. அதனைச் சூடாக்கும் முன் தொன்னையிலிருந்தும் வெள்ளி நிறப் பூச்சுள்ள காகிதக் கிண்ணத்திலிருந்தும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். காய்ந்த இலை கருகலாம், உலோகப் பூச்சு பொறி பறக்கச் செய்யும். சிறிது நீர் தெளித்து, இடையில் ஒருமுறை கிளறி, நிறுத்திய பின் இரண்டு நிமிடம் ஆறவிட்டால் வெப்பம் சீராகப் பரவும். உணவின் நடுப்பகுதியும் 70 பாகை செல்சியசை எட்ட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நுண்ணலை
* மின்காந்த அலைகள்
* உணவு நஞ்சாதல்
* கிரிவலம்