காண்ட்ராக்ட் என்றால் சுருங்குவதா, சேர்வதா?

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் பாடவேளையில் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சார், போன வருஷம் சயின்ஸ்ல காண்ட்ராக்ட்னா சுருங்குறதுன்னு படிச்சோம். இப்போ காமர்ஸ்ல ஒப்பந்தம்ங்கிறாங்க. ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். எப்படி சார்?"

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இயல்பாக எழும் கேள்விதான் இது. தமிழ் வழியில் இந்தக் குழப்பமே வராது. நமக்குச் சுருக்கம் வேறு, ஒப்பந்தம் வேறு. ஆனால் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இரு வழி மாணவர்களிடமும் உள்ள ஒரு தவறான கருத்தைச் சரிசெய்ய முடிகிறது என்பதைக் கண்டுகொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கான்' என்றால் சேர்த்து. 'ட்ரஹெரே' என்றால் இழுத்தல். சேர்த்து இழுப்பது, அதாவது ஒன்றையொன்று நெருங்கச் செய்வது. வயலில் ஓடும் டிராக்டருக்கும் இதே வேர்தான்: இழுப்பது. கணக்கில் வரும் 'சப்ட்ராக்‌ஷன்' கூட அந்தக் குடும்பம்தான். அடியிலிருந்து இழுத்து எடுப்பது. கழித்தலையும் டிராக்டரையும் ஒரே குடும்பம் என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆனால் யாரும் அதை மறக்கவில்லை.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். குண்டும் வளையமும் சோதனையை நாம் எல்லோரும் செய்து காட்டியிருப்போம். சூடேற்றிய குண்டு வளையத்தில் நுழையாது, ஆறியதும் நுழையும். அதன்பின் "குண்டின் எடை என்ன ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள். குறைந்துவிட்டது என்று கணிசமானவர்கள் சொல்வார்கள். "அணுக்கள் சின்னதாகிவிட்டன" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இரண்டும் தவறு. அணுக்களின் எண்ணிக்கை அதேதான், நிறையும் அதேதான். அதிர்வு குறைவதால் அவற்றுக்கிடையே உள்ள சராசரித் தொலைவு குறைகிறது, அவ்வளவுதான். 'சுருங்கியது' என்ற சொல் ஏதோ இழந்ததுபோல் காதில் விழுகிறது. 'நெருங்கியது' என்று சொல்லிப் பார்த்தால் பிழை பாதி போய்விடுகிறது.

அளவையும் ஒரு முறை கணக்கிட வைக்கலாம். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் 10 லட்சத்தில் சுமார் 12 பங்கு மாறும். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி குளிர்ந்தால் சுமார் 6 மில்லிமீட்டர் குறையும். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. ஆனால் அதைத் தடுத்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கு மாட்டு வண்டிச் சக்கரமே சாட்சி. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். அதைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டை சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்யப்படும். தீயில் பழுக்கக் காய்ச்சினால் விரிந்து சக்கரத்தில் ஏறும். உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்க, மரத்துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று இறுகிவிடும். சுருங்குவதும் சேர்ப்பதும் ஒரே செயல் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. பட்டறைகள் அருகிவிட்டன, எங்காவது இருந்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள்.

உயிரியல் ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி. தசை சுருங்கும்போது அதிலுள்ள இழைகள் குட்டையாவதில்லை. ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று நழுவி நெருங்குகின்றன. 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் ஒரே இதழில் இதை வெளியிட்டன. இரு கை விரல்களையும் கோத்துக் காட்டினால் போதும். விரல் நீளம் மாறாது, உள்ளங்கைகளின் இடைவெளி மட்டும் குறையும்.

இந்த விளக்கத்துக்கு எல்லை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். சார்பியலில் வரும் நீளச் சுருக்கம் இந்த வகையே அல்ல. ஒளியின் வேகத்தில் சுமார் 87 சதவீத வேகத்தில் செல்லும் கோல், நாம் அளக்கும்போது ஏறத்தாழப் பாதி நீளமாக இருக்கும். அதை எதுவும் நெருக்கவில்லை. கோலோடு பயணம் செய்பவருக்கு அது முழு நீளமாகவே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் யாராவது கேட்டால் தண்டவாளத்தை உதாரணம் காட்ட வேண்டாம்.

வணிகவியலில் இழுக்கப்படுவது இரண்டு பேர். ஒருவர் முன்மொழிகிறார், மற்றவர் ஏற்கிறார், இருவருக்கும் மறுபயன் இருக்கிறது. ஆனால் நெருங்கி வந்தால் மட்டும் போதாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாட்டையே ஒப்பந்தம் என்கிறது. பட்டையும் சக்கரமும்போல, விலக நினைத்தாலும் பிடித்து வைக்கும் விசை ஒன்று வேண்டும். அந்த விசை சட்டம்.

இங்கே மாணவர்கள் தங்களைப் பற்றியே கேட்டார்கள்: "நாங்க காண்ட்ராக்ட் போட முடியுமா சார்?" 18 வயது நிறையாதவருக்கு அந்தத் தகுதி இல்லை. கொல்கத்தாவில் வயது நிறையாத ஒருவர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய மோகரி பீபி வழக்கில், 1903-இல் பிரிவி கவுன்சில் அந்த உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பவில்லை. இதைக் கேட்டதும் ஒருவர், "அப்போ யார்கிட்ட வேணும்னாலும் கடன் வாங்கலாமா?" என்றார். சட்டம் அமைந்திருப்பது சிறுவரைக் காக்க. சிறுவருக்குக் கடன் கொடுப்பவர் எச்சரிக்கையாக இருக்கத்தான் அந்தத் தீர்ப்பு என்று விளக்க வேண்டியிருந்தது. அந்த விவாதத்துக்கே ஒரு பாடவேளை போனது. போகட்டும், பயனுள்ள பாடவேளைதான்.

கணிதத்தில் இந்தச் சொல் வருவது பலருக்குத் தெரியாது. போலந்து கணித அறிஞர் ஸ்டெஃபான் பனாக் 1922-இல் வெளியிட்ட தேற்றத்தின் கருத்து இது: எந்த இரண்டு எண்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றுக்கிடையே உள்ள தொலைவை ஒரு விதி ஒவ்வொரு முறையும் 1-ஐவிடக் குறைந்த ஒரே விகிதத்திலாவது குறைத்தால், எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருவோம்.

ஐந்தாம் வகுப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். விதி: பாதியாக்கு, 3 கூட்டு. ஒரு பிள்ளை 10-இல் தொடங்கட்டும்: 8, 7, 6.5, 6.25. இன்னொரு பிள்ளை 2-இல் தொடங்கட்டும்: 4, 5, 5.5, 5.75. இருவருக்குமான இடைவெளி 8, 4, 2, 1, 0.5 என்று பாதி பாதியாகிறது. இருவரும் 6-ஐ நோக்கி வருகிறார்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த எண்ணில் தொடங்கட்டும். 1000-இல் தொடங்கியவரும் வந்து சேருவார், சற்றுத் தாமதமாக. பின்பு விதியை மாற்றுங்கள்: இரட்டிப்பாக்கு, 6 கழி. 6-இல் தொடங்கியவர் 6-லேயே நிற்பார். 7-இல் தொடங்கியவர் 8, 10, 14 என ஓடுவார். 5-இல் தொடங்கியவர் 4, 2 என்று இறங்கி அடுத்து -2 ஆவார். முதல் விதி இழுத்துச் சேர்க்கிறது, இரண்டாவது பிரித்துத் தள்ளுகிறது.

மேல்வகுப்பினரிடம் அறிவியல் கணிப்பான் இருந்தால், ரேடியன் முறையில் வைத்து, ஏதாவது ஓர் எண்ணை இட்டு, 'காஸ்' பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். எல்லோர் திரையிலும் 0.739085 என்று வந்து நிற்கும்.

செய்தித்தாளில் வரும் 'பொருளாதாரம் சுருங்கியது' என்பதையும் இதோடு சேர்த்துவிடலாம். 20 சதவீதம் சுருங்கி, அடுத்து 20 சதவீதம் வளர்ந்தால் பழைய நிலை வந்துவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 100 முதலில் 80 ஆகிறது; 80-இல் 20 சதவீதம் 16; ஆக 96. பழைய நிலைக்கு வர 25 சதவீத வளர்ச்சி வேண்டும். இதே ஏற்ற இறக்கம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கணக்கிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். 17-ஆவது சுற்றில் 100 என்பது 49.96 ஆகிவிடுகிறது.