பெட்டியில் தூங்கும் புடவைகள்!

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை கூடுகிறது. அங்கே போனவர்களுக்குத் தெரியும். எங்கு பார்த்தாலும் துணிக் குவியல்! சட்டை, பாவாடை, சிறுவர் கால்சட்டை என்று மலை மலையாகக் கிடக்கும். "மலிவாக இருக்கிறதே!" என்று இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதவர் குறைவு.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். அங்கே ஏற்கெனவே இடம் இல்லை! போன பொங்கலுக்கு எடுத்த சட்டை இருக்கிறது, கழுத்து இறுக்கம். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த புடவை இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை. ஒன்றும் கிழியவில்லை. ஒன்றையும் யாரும் உடுத்துவதும் இல்லை.

இவற்றை வைத்திருப்பதா, மாற்றித் தைப்பதா, வீட்டில் உடுத்தியே தீர்ப்பதா?

"இருக்கட்டும், பார்க்கலாம்" என்று பெட்டியை மூடுகிறவர்களே அதிகம். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. புதுச்சேரி கடலோர ஊர். காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். பட்டுப் புடவை ஒரே மடிப்பில் ஆண்டுக் கணக்கில் கிடந்தால், மடிப்பு விழுந்த இடத்திலேயே இழை விட்டுப்போகும். ஜரிகை கறுக்கும். உடுத்திக் கிழிந்தாலாவது உடம்புக்கு ஆயிற்று. உடுத்தாமலே கிழிந்தால் யாருக்கு ஆயிற்று?

ஏன் பிடிக்கவில்லை?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அளவு சரியில்லையா? சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் ஒரு விரல் அகலமாவது துணி விட்டிருந்தால், தையற்காரர் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். துணி விடாமல் தைத்த சட்டை என்றால் வீண் செலவு வேண்டாம், தம்பிக்கு ஆகட்டும். பெரிய சட்டையைப் பிடித்துத் தைப்பது எளிது. சின்னதைப் பெரிதாக்குவதுதான் கஷ்டம்.

நிறம் பிடிக்கவில்லையா? பருத்தியானால் சாயம் போடலாம். வெளிர் நிறத்தின் மேல் அடர்ந்த நிறம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பாலியஸ்டர் துணியில் சாதாரணச் சாயம் பிடிக்காது. எது பருத்தி என்று தெரியாவிட்டால், ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும்.

சாயம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி இங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. அங்கே அந்தத் துணியைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள்! பின்னர் 1898-ல் ஏ.எப்.டி. ஆலை வந்தது. ஆயிரக் கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. 2020-ல் அதன் கதவு மூடப்பட்டது. ஒரு முழம் துணிக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவின் கூறைப் புடவை

சிக்கலே இதில்தான். அம்மா உடுத்துவதில்லை, கனமாக இருக்கிறது. மகளோ, "இதை வெட்டி எனக்குப் பாவாடை தைத்துத் தரக்கூடாதா அம்மா?" என்கிறாள். "அதிலே கத்தரி வைக்கிற வேலை வேண்டாமடி!" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். உடல் உறுதியாக இருந்தால் வெட்ட அவசரம் வேண்டாம். மகள் ஒரு முறை அப்படியே உடுத்திப் பார்க்கட்டும். ரவிக்கையை மட்டும் புதிதாகத் தைத்தாலே பாதி மனக்குறை தீர்ந்துவிடும். உடல் இற்றுப்போய்க் கரை மட்டும் நன்றாக இருந்தால், கரையைப் பிரித்து வேறு துணியில் வைத்துத் தைக்கலாம். அப்போது கத்தரி வைப்பது பாவமல்ல. எதுவானாலும் அம்மா சம்மதித்த பிறகுதான். வெட்டிய துணியை ஒட்ட முடியாது, அம்மாவின் மனத்தையும்தான்!

வாசலில் பழைய பட்டு வாங்க வருகிறவர்களிடம் சற்று எச்சரிக்கை தேவை. அசல் ஜரிகை, வெள்ளிக் கம்பியின் மேல் தங்க முலாம் பூசியது. அவர்கள் தேடுவது அந்த வெள்ளியைத்தான். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்காக அதைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

மற்றவற்றை வீட்டில் உடுத்தித் தீர்ப்பதில் வெட்கம் என்ன? இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941-ல், இங்கிலாந்தில் துணிக்கே ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கு மட்டும் 11 கூப்பன் போய்விடும்! பழையதை ஒட்டுப் போட்டு உடுத்தும்படி அரசாங்கமே புத்தகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது.

நம் வீடுகளில் இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. நைந்த நூல் புடவை குழந்தைக்குத் தூளியாகும். பிறகு விரிப்பு. பிறகு கரித்துணி.

அதற்கு மேலும் பருத்திக்கு ஆயுள் உண்டு. புதுச்சேரியில் 1959-ல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்சாலையில், பருத்தித் துணிக் கழிவைத் துண்டாக்கி, தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடையில் வடித்துக் காகிதமாக்குகிறார்கள். மரம் வெட்டாத காகிதம்!

சட்டை கந்தலாகும் முன் பொத்தான்களை மட்டும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த சட்டையில் ஒன்று தெறித்துப் போகும்போது தேட வேண்டியிராது.