பால் நிறையக் குடித்தும் ஏன் சோகை?

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி, காலையில் வேலைக்கு ஓடும் வீடுகளில், சோற்றைத் தள்ளும் இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்னொரு டம்ளர் பால் கொடுத்துவிடுவது எளிது. வயிறு நிறையும், பசி போய்விடும். சிக்கலும் அங்கேதான்.

ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. அந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 மில்லிகிராம் வேண்டும். போதாததற்கு, பாலின் கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கின்றன. இரும்பு குறைந்தால் சோகை வரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்குச் சோகை. காரணங்கள் பல என்றாலும், கவலைப்பட வேண்டிய எண் இது.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச் சோறு, முட்டை, கீரை, முள் நீக்கிய கோவளத்து மீன், அங்கன்வாடிச் சத்துமாவு எல்லாம் வரலாம். சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால், அதன் வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்க உதவும்.

ஒரு வயதுக்குப் பின் பசும்பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். முதலில் சோறு கொடுங்கள், பாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.