உறக்கத்தில் நேரும் திடீர் மரணம்: நம்பிக்கையும் விஞ்ஞானமும்

திடீர் இதய நிறுத்தம் என்றதும் பலரும் மாரடைப்பையே எண்ணுவர். மாரடைப்பு, இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபடுவதால் நேர்வது. எனினும், நாடிகளிலோ தசையிலோ வெளிப்படையான பழுது எதுவுமின்றி இதயம் நின்றுவிடுவதும் உண்டு. அத்தகைய ஒரு நோயினை அதன் சமூகப் பின்னணியோடு இங்கு நோக்குவோம்.

1970களின் பிற்பகுதி முதல், ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய லாவோஸ் நாட்டு ஹ்மோங் அகதிகளிடையே, நலமாயிருந்த இளம் ஆண்கள் பலர் உறக்கத்திலேயே இறந்தனர். பிரேத பரிசோதனைகள் தக்க காரணம் எதனையும் காட்டவில்லை. பிலிப்பைன்ஸில் 'பங்குங்குட்' எனவும், யப்பானில் 'பொக்குரி' எனவும், தாய்லாந்தில் 'லாய் தாய்' எனவும் இத்தகைய மரணம் முன்னரே அறியப்பட்டிருந்தது. விதவைப் பேய் ஆண்களைக் கவர்ந்து செல்வதாகத் தாய்லாந்துக் கிராமத்தவர் நம்பினர். பேயை ஏமாற்ற ஆண்கள் பெண்வேடம் பூண்டதுமுண்டு. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் ஆண்களே என்ற உண்மையான அவதானம் இந்நம்பிக்கையினுள் பொதிந்திருந்ததை நாம் மறத்தலாகாது.

1992இல் புருகாடா சகோதரர்கள், இதய மின்வரைபில் தனித்துவமான மாற்றங் கொண்ட எட்டு நோயாளரைப் பற்றி எழுதினர். 1997இல் அதே மாற்றம் தாய்லாந்தில் 'லாய் தாய்' மரணத்திலிருந்து தப்பியோரிடமும் காணப்பட்டது. 1998இல், இதயக் கலங்களின் சோடியம் வாயில்களை ஆக்கும் பரம்பரையலகின் பிறழ்வு ஒரு காரணமென நிறுவப்பட்டது. சோடியம் உட்புகுதல் குன்றும்போது இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்கிழக்கிறது. இதயவறைகள் சுருங்காது வெறுமனே நடுங்க, குருதியோட்டம் நின்றுவிடுகிறது. இதயத் துடிப்பு தணியும் உறக்கமும், காய்ச்சலும் இதனைத் தூண்டவல்லன. ஆகவே இந்நோயாளரின் காய்ச்சலை உடனே தணித்தல் உயிர்காக்கும் செயலாகும்.

2003இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், மாத்திரை மட்டும் பெற்றோருள் நால்வர் இறந்தனர். மின்னதிர்ச்சி தரும் கருவி நெஞ்சில் பொருத்தப்பட்டோருள் எவரும் இறக்கவில்லை. ஆயினும் அக்கருவி மிகுந்த விலையுடையது; இம்மரணத்தை அதிகம் கண்ட கிராமங்களோ வறியவை. பேய் பற்றிய அச்சத்தை விஞ்ஞானம் அகற்றிவிட்டது. அவ்விஞ்ஞானத்தின் பயன் வறியோரைச் சென்றடையச் செய்வது சமுதாயத்தின் பொறுப்பாகும்.