ஹெர்மன் மெல்வில்: வாசகரற்ற ஆண்டுகள்

ஹெர்மன் மெல்வில் 1819ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கௌரவமான வர்த்தகக் குடும்பமொன்றில் பிறந்தவரெனினும், அவருடைய பன்னிரண்டாம் பிராயத்தில் தந்தை கடன்சுமையை மட்டும் மிச்சம் வைத்து மறைந்தமையால், படிப்புத் தடைப்பட்டு, வங்கிக் குமாஸ்தாவாகவும் பள்ளி ஆசிரியராகவும் அலைந்து, கடைசியில் 1841இல் ‘அக்குஷ்னெட்’ என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்டார். மறு ஆண்டு மார்க்கீசஸ் தீவுகளில் தோழரொருவருடன் கப்பலை விட்டு ஓடி, அங்குள்ள பழங்குடியினரிடையே சில வாரங்கள் வாழ்ந்த அனுபவமே 1846இல் ‘டைப்பி’ என்னும் முதல் நூலாக வெளிவந்து அவருக்குப் புகழைத் தந்தது. அப்புகழே பிற்பாடு தளையுமாயிற்று. வாசகர்கள் அத்தகைய சாகசங்களையே அவரிடம் மேன்மேலும் எதிர்பார்த்தார்கள்.

அவரோ பிட்ஸ்ஃபீல்டு பண்ணை வீட்டில் அமர்ந்து, நதானியேல் ஹாதார்னின் நட்பால் உத்வேகம் பெற்று, வேட்டைக் கதையும் வேதாந்த விசாரமும் ஒன்றாய்க் கலந்த ‘மோபி டிக்’கை எழுதி, 1851இல் அந்த நண்பருக்கே சமர்ப்பணம் செய்தார். லண்டனில் முதலில் மூன்று பாகங்களாக வெளிவந்த பதிப்பில், கதை சொல்லும் இஷ்மவேல் மட்டும் உயிர் பிழைத்ததைத் தெரிவிக்கும் முடிவுரை விடுபட்டுப் போயிற்று. எல்லோரும் மூழ்கிவிட்டபின் கதையைச் சொன்னவர் யாரென்று ஆங்கில விமர்சகர் சிலர் கேட்ட கேள்வி, ஆசிரியர் செய்யாத பிழைக்காக அவரைத் தண்டித்த கேள்வியாகும். அடுத்த ஆண்டு வந்த ‘பியேர்’ அவரது மதிப்பை அறவே குலைத்துவிட்டது.

நாவல் வெளியிடுவதை நிறுத்திய 1857உடன் மெல்விலின் இலக்கிய வாழ்வு அஸ்தமித்துவிட்டதென்று சொல்வோருடன் என்னால் உடன்பட இயலவில்லை. 1866 முதல் 1885 வரை நியூயார்க் துறைமுகத்தில், நாளொன்றுக்குச் சுமார் 4 டாலர் சம்பளத்தில், லஞ்சம் மலிந்திருந்த சுங்க இலாகாவில் கறைபடாத கையினராய் உத்தியோகம் பார்த்தவர், அந்தப் பத்தொன்பது ஆண்டுகளின் தொடக்கத்திலேயே, பதினெட்டு வயது நிரம்பிய மூத்த மகன் மால்கம் வீட்டிலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிய பெருந்துயரைச் சுமந்தார். சுமந்துகொண்டே, தாம் முன்பு மேற்கொண்ட ஜெருசலேம் யாத்திரையை ஆதாரமாக்கி, விசுவாசத்துக்கும் சந்தேகத்துக்கும் இடையே தவிக்கும் மனத்தைப் பற்றிச் சுமார் 18,000 அடிகள் கொண்ட ‘கிளாரெல்’ என்னும் காவியத்தை இரவுப் பொழுதுகளில் இயற்றினார். 1876இல் மாமனொருவரின் பொருளுதவியால் அச்சேறிய அந்நூலை வாங்குவார் இல்லை. அதன் பின்னும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கடைசிக் காலக் கவிதைத் தொகுதிகள் இரண்டைத் தலைக்கு 25 பிரதிகள் மட்டும் சொந்தச் செலவில் அச்சிட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்.

1891இல் அவர் காலமானபோது ‘பில்லி பட்’ என்னும் குறுநாவல் திருத்தங்கள் மலிந்த கைப்பிரதியாகவே கிடந்தது. மனைவி எலிசபெத் பத்திரப்படுத்திய அப்பிரதி, பேத்தியின் மூலம் ரேமண்ட் வீவர் என்னும் ஆராய்ச்சியாளரிடம் சேர்ந்து, 1924இல்தான் அச்சாயிற்று. நிரபராதியான மாலுமியைச் சட்டத்தின் பெயரால் தூக்கிலிட நேரும் கப்பல் தலைவனின் மனப்போராட்டத்தை, புகழுக்கோ பொருளுக்கோ சிறிதும் இடமில்லாத முதுமையில் அவர் அத்தனை நுட்பமாகத் தீட்டியிருக்கிறார். ‘மோபி டிக்’கும் ‘பில்லி பட்’டும் உரிய பீடத்தைப் பெற்றுவிட்டன, ‘கிளாரெல்’ மட்டும் இன்னும் மிகச் சிலராலேயே படிக்கப்படுகிறது. மெல்விலை நேசிப்பவர்கள் அதையும் எடுத்துப் படிக்க வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.